சோழப் பேரரசரையே சிறைவைத்த குறுநில மன்னர்: சேந்தமங்கலம் கோட்டையில் நடந்தது என்ன? முழு பின்னணி

சோழர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது முதலாம் ராஜராஜனும் தஞ்சை பெரிய கோயிலும்தான். ஆனால் அதே பெயரைத் தாங்கிய இன்னொரு சோழப் பேரரசர், தனக்குக் கீழே இருக்க வேண்டிய ஒரு குறுநில மன்னரிடம் கைதியாகி, கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கிறார். அவர் மூன்றாம் ராஜராஜ சோழன். சிறைபிடித்தவர் காடவர் குலத்து கோப்பெருஞ்சிங்கன்.

இது எங்கோ தொலைவில் நடந்த கதை இல்லை. போர் நடந்த தெள்ளாறு, திண்டிவனத்துக்கு வடமேற்கே வந்தவாசி பகுதியில் இருக்கிறது. பேரரசர் அடைக்கப்பட்ட சேந்தமங்கலம், உளுந்தூர்பேட்டை அருகே கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த காணையில் நின்று பார்த்தால் வடக்கே தெள்ளாறு, தெற்கே சேந்தமங்கலம். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பு தென்னிந்திய அரசியலே இந்த வட்டாரத்தைச் சுற்றித்தான் சுழன்றது.

ஒரு பேரரசர் எப்படி தன் ஆளிடமே மாட்டிக்கொண்டார்? அவரை மீட்க கர்நாடகத்தில் இருந்து ஏன் படை வந்தது? பார்க்கலாம்.

மூன்றாம் ராஜராஜன் யார்?

இவர் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தது 1216-ல். அவருக்கு முன்பு ஆண்ட மூன்றாம் குலோத்துங்கன், சோழர்களின் கடைசி பெரிய வீரர் என்று சொல்லப்படுபவர். மதுரை மீது படையெடுத்து, பாண்டியர்களின் முடிசூட்டு மண்டபத்தையே இடித்தவர். அந்த அவமானத்தைப் பாண்டியர்கள் மறக்கவில்லை.

குலோத்துங்கன் சேர்த்து வைத்த பகை முழுவதும் ராஜராஜன் தலையில் விழுந்தது. பகையைச் சமாளிக்கும் படைபலமோ, அரசியல் சாமர்த்தியமோ அவரிடம் இல்லை.

பாண்டியர் பழிவாங்கியது எப்படி?

1216-ல் மதுரையில் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன், 1219 வாக்கில் சோழநாட்டுக்குள் புகுந்தார். தஞ்சையும் உறையூரும் தீக்கிரையாயின. சோழர் மண்ணிலேயே வீராபிஷேகம் செய்துகொண்டார். ராஜராஜன் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று.

இங்கேதான் ஒரு திருப்பம். சோழநாட்டைப் பிடித்த பாண்டியர், அதைத் தானே வைத்துக்கொள்ளவில்லை. ராஜராஜனை வரவழைத்து, முடியையும் நாட்டையும் திருப்பிக் கொடுத்தார். 'சோழநாட்டை வழங்கியவர்' என்று பாண்டியர் மெய்க்கீர்த்தி இதைப் பெருமையாகவே சொல்கிறது.

ஏன் கொடுத்தார்? ஹோய்சாள மன்னர் இரண்டாம் நரசிம்மன் சோழருக்கு ஆதரவாகக் களம் இறங்கியது முக்கியக் காரணம். 'சோழ ராஜ்ஜியத்தை நிலைநிறுத்தியவர்' என்ற பட்டத்தை நரசிம்மனும் சூட்டிக்கொண்டார். ஆக, ஒருவர் 'நான்தான் கொடுத்தேன்' என்கிறார். இன்னொருவர் 'நான்தான் காப்பாற்றினேன்' என்கிறார். நடுவில் சோழர் முடி வைத்திருந்தாரே தவிர, பிடி அவர் கையில் இல்லை.

காடவர்கள் இவ்வளவு பலம் பெற்றது எப்படி?

சோழப் பேரரசு என்பது ஒரே கையில் இருந்த ஆட்சி இல்லை. அந்தந்தப் பகுதியைக் குறுநிலத் தலைவர்கள்தான் கவனித்தார்கள். இன்றைய விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பகுதிகளில் காடவராயர், சம்புவராயர், மலையமான், வாணகோவரையர் என்று பல தலைவர்கள் இருந்தனர்.

இவர்கள் கையில் இருந்த முக்கியமான ஆயுதம் 'பாடிகாவல்'. அதாவது ஊர்க்காவல் உரிமை. ஊரைக் காப்பது இவர்கள் பொறுப்பு. அதற்கான வரியும் இவர்களுக்குத்தான். மையத்தில் பேரரசர் பலமாக இருந்தவரை இது நிர்வாக வசதி. அவர் பலவீனம் ஆனதும், வரியும் ஆளும் கையில் இருந்த தலைவர்கள் தனி அரசர்கள் போல ஆகிவிட்டார்கள்.

தங்களுக்குள் கூட்டணியும் போட்டுக்கொண்டார்கள். யாருக்கு யார் துணை, யாரோடு யார் சேரக்கூடாது என்று எழுதி, கோயில் சுவர்களில் வெட்டிவைத்தார்கள். பேரரசர் இருக்கும்போதே அவருக்குக் கீழே உள்ளவர்கள் தனியாக ஒப்பந்தம் போடுகிறார்கள் என்றால், அரசவையின் நிலையைப் புரிந்துகொள்ளலாம்.

இவர்களில் முந்தியவர்கள் காடவர்கள். தங்களைப் பல்லவர் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். 'அவனியாளப் பிறந்தான்', அதாவது உலகை ஆளவே பிறந்தவன், என்பது கோப்பெருஞ்சிங்கனின் பட்டம். பேரரசருக்குக் கீழே இருக்கும் ஒருவர் வைத்துக்கொள்ளும் பெயரா இது?

தெள்ளாற்றில் என்ன நடந்தது?

முடியைத் திரும்பப் பெற்ற ராஜராஜன், பாண்டியருக்குத் தர வேண்டிய கப்பத்தை நிறுத்தினார். அதோடு படையும் அனுப்பினார். விளைவு, மீண்டும் தோல்வி. இந்த முறை உதவி தேடி ஹோய்சாளர் பக்கம் போக வடதிசையில் கிளம்பினார்.

வழியில் காத்திருந்தவர் கோப்பெருஞ்சிங்கன். தெள்ளாற்றில் சோழர் படையை முறியடித்து, பேரரசரைச் சிறைபிடித்து சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோனார். ஆண்டு 1231 வாக்கில்.

இதற்கு ஒரே ஒரு சான்று மட்டும் இல்லை. இரண்டு தரப்பிலும் பதிவு இருக்கிறது:

- வயலூர் கல்வெட்டு: காடவர் தரப்பு. தெள்ளாற்று வெற்றியையும் சோழரைச் சிறைவைத்ததையும் பெருமையாகப் பாடுகிறது.
- திருவந்திபுரம் கல்வெட்டு: மீட்க வந்த ஹோய்சாளர் தரப்பு. படை வந்த வழியை ஊர் ஊராகச் சொல்கிறது.
- கத்யகர்ணாம்ருதம்: ஹோய்சாளர் அவை சார்ந்த சம்ஸ்கிருத நூல். தப்பிப் போகும் வழியில் சோழர் மடக்கப்பட்ட கதையைச் சொல்கிறது.

ஹோய்சாளர் படை எந்த வழியாக வந்தது?

கடலூர் அருகே திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் உள்ள கல்வெட்டு, கிட்டத்தட்ட ஒரு போர்க்கள ரிப்போர்ட் மாதிரியே இருக்கிறது.

சோழர் சிறைபட்ட செய்தி கேட்டதும் நரசிம்மன் தலைநகர் துவாரசமுத்திரத்தில் இருந்து கிளம்பினார். வழியில் மகத நாட்டை அடக்கிவிட்டு பாச்சூரில் தங்கினார். அங்கிருந்து அப்பண்ண தண்டநாயக்கர், சமுத்திர கொப்பய்ய தண்டநாயக்கர் என்ற இரண்டு தளபதிகளை காடவர் நாட்டுக்கு அனுப்பினார்.

அவர்கள் காடவர் ஊர்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தார்கள். கோப்பெருஞ்சிங்கன் பக்கம் நின்ற பராக்கிரமபாகு என்ற ஈழத்துத் தலைவர் கொல்லப்பட்டார். சிதம்பரத்தில் பொன்னம்பலத்தை வணங்கினார்கள். பிறகு திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை என்று படை நகர்ந்தது. இன்று கல்மரப் பூங்காவால் அறியப்படும் திருவக்கரை என்று அடையாளம் காணப்படும் ஊரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல்வரை இருந்த ஊர்கள் எரிக்கப்பட்டன, கொள்ளையடிக்கப்பட்டன. குடிகள் வதைக்கப்பட்டார்கள், பெண்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். இதையும் அந்தக் கல்வெட்டு வெற்றிக் கணக்கில்தான் எழுதுகிறது. மூன்று அரசர்களின் போட்டிக்கு விலை கொடுத்தது இந்த வட்டாரத்து மக்கள்.

கோட்டையை முற்றுகையிடப் படை நெருங்கியதும், பேரரசரை விடுவிப்பதாக கோப்பெருஞ்சிங்கன் தூது அனுப்பினார். ராஜராஜன் வெளியே வந்து மீண்டும் அரியணையில் அமர்ந்தார்.

பேரரசரை ஏன் கொல்லவில்லை?

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய கேள்வி இதுதான். பாண்டியர் நாட்டைப் பிடித்தும் திருப்பிக் கொடுத்தார். காடவர் சிறைபிடித்தும் உயிரோடு விட்டார். ஹோய்சாளர் இரண்டு முறை காப்பாற்றினார். ஏன்?

சோழ அரியணை காலியானால் காவிரிப் படுகை யாருக்கு என்ற சண்டை உடனே வெடிக்கும். அது பாண்டியர் கைக்குப் போவதை ஹோய்சாளர் விரும்பவில்லை. ஹோய்சாளர் உள்ளே வருவதைப் பாண்டியர் விரும்பவில்லை. காடவர்களுக்கோ, பலமான பாண்டியர் மேலே உட்காருவதைவிட பலவீனமான சோழர் இருப்பதே நல்லது. எல்லோருக்கும் ஒரு சோழர் தேவைப்பட்டார். ஆனால் பலமான சோழர் யாருக்கும் தேவைப்படவில்லை.

திருவந்திபுரம் கல்வெட்டே இதற்கு நல்ல உதாரணம். சோழர் எப்படிச் சிறையில் கிடந்தார், யார் தயவில் வெளியே வந்தார் என்று சொல்லும் அதே கல்வெட்டு, தேதியைக் குறிப்பிடுவது அந்தச் சோழரின் ஆட்சியாண்டில்தான். காகிதத்தில் மட்டும் அதிகாரம் என்பார்களே, இங்கே கல்லில் மட்டும் அதிகாரம்.

சீனாவிலும் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. கி.பி. 196-ல் ஹான் வம்சப் பேரரசர் ஷியான், தளபதி சாவ் சாவின் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டார். அதற்குப் பிறகு பேரரசர் பெயரில் ஆணைகள் வெளியாகும், முடிவு எடுப்பது சாவ் சாவ். 220-ல் சாவ் சாவின் மகன், பேரரசரைப் பதவி விலகவைத்து தானே முடிசூடினார்.

1449-ல் இன்னொரு சம்பவம். மிங் பேரரசர் ஜெங்டோங்கை மங்கோலியத் தலைவர் எசென் போரில் சிறைபிடித்தார். பெய்ஜிங் அரசவை பணிந்துவிடவில்லை. பேரரசரின் தம்பியை அரியணையில் ஏற்றியது. கையில் இருந்த கைதிக்கு மதிப்பே போய்விட்டது. அடுத்த ஆண்டு எசென் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ராஜராஜன் விஷயத்தில் சோழர் அரசவையால் அப்படி எதுவும் செய்ய முடியவில்லை. அவரை மீட்க வெளியில் இருந்துதான் படை வர வேண்டியிருந்தது.

அதன் பிறகு என்ன ஆனது?

காப்பாற்றியவர்கள் சும்மா திரும்பிப் போகவில்லை. ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் ஹோய்சாளர் தங்களுக்கென ஒரு தலைநகரே அமைத்துக்கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சோழர், பாண்டியர் இருவர் விவகாரத்திலும் அவர்கள் சொல்லே எடுபட்டது.

கோப்பெருஞ்சிங்கனும் ஒடுங்கிவிடவில்லை. பெரம்பலூரில் ஹோய்சாளத் தளபதிகளை வென்று கொன்றதற்குப் பரிகாரமாக, விருத்தாசலம் கோயிலுக்குப் பொன் நெற்றிப்பட்டம் கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. 1243 முதல் காடவர் கல்வெட்டுகள் தனி ஆட்சியாண்டோடு வருகின்றன. 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்ற பட்டமும் சேர்கிறது. இவர் சோழரைச் சிறைபிடித்தவரின் மகன், அதே பெயர் கொண்ட இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சிதம்பரம் கோயில் கோபுரத் திருப்பணிகளிலும் காடவர்களின் பங்கு பெரிது.

ஆனால் 1251-ல் மதுரையில் ஆட்சிக்கு வந்த முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் மொத்தக் கணக்கையும் மாற்றினார். சோழரைக் கப்பம் கட்டவைத்தார், ஹோய்சாளரைப் பின்வாங்கச் செய்தார், சேந்தமங்கலத்தையும் முற்றுகையிட்டுப் பணியவைத்தார்.

முக்கிய ஆண்டுகள் ஒரே பார்வையில்

- 1216: மூன்றாம் ராஜராஜன், முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் ஆட்சித் தொடக்கம்
- 1219 வாக்கில்: பாண்டியர் சோழநாட்டைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தல்
- 1231 வாக்கில்: தெள்ளாற்றுப் போர், சேந்தமங்கலம் சிறை, ஹோய்சாளர் மீட்பு
- 1243: இரண்டாம் கோப்பெருஞ்சிங்கனின் தனி ஆட்சியாண்டுத் தொடக்கம்
- 1246: மூன்றாம் ராஜேந்திரன் சோழ ஆட்சிப் பொறுப்புக்கு வருதல்
- 1279: மூன்றாம் ராஜேந்திரனோடு சோழர் ஆட்சி முடிவு

காடவர் கல்வெட்டுகளும் 1279 வாக்கில் நின்றுவிடுகின்றன. சிறைபட்டவர் வம்சமும் சிறைபிடித்தவர் வம்சமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வரலாற்றில் இருந்து மறைந்தன. சோழர்கள் ஒரு காலத்தில் தூது அனுப்பிய சீனத்தின் சோங் வம்சமும் அதே 1279-ல்தான் மங்கோலியரிடம் முடிவுக்கு வந்தது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

சேந்தமங்கலத்தில் காடவர் கால ஆபத்சகாயேசுவரர் கோயில் இன்றும் இருக்கிறது. கல்வெட்டுகளில் இதன் பெயர் வாணிலைக் கண்டீசுரம். தட்டினால் ஓசை எழுப்பும் கல் குதிரைச் சிற்பம் இங்கே பிரபலம். 2019-ல் விழுப்புரத்தில் இருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபோது உளுந்தூர்பேட்டை பகுதியோடு இந்த ஊரும் அங்கே போனது. திருவந்திபுரம் பெருமாளைத் தரிசிக்கப் போகிறவர்கள், ஒரு பேரரசர் மீட்கப்பட்ட கதை அந்தக் கோயில் கல்லில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.