கலகக்காரருக்குள்ளே ஒரு கலகம்

மரபை மீறுவதற்கென்றே பிறந்த ஒரு கலை, காலப்போக்கில் தனக்கென ஒரு மரபை வகுத்துக்கொள்கின்றது. அம் மரபை மீறுவோனைத் தண்டிக்க முதலில் முன்வருபவர் அக்கலையின் பகைவரல்லர், அதன் அன்பர்களே. கலை வரலாற்றிலே இது புதிய செய்தியன்று. எனினும், ஹெவி மெற்றல், பங்க் என வழங்கும் மேனாட்டு இசைகளின் வரலாற்றில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது. அவ்விசைகளின் இரசிகரிடையே, பலருக்கும் பிடிக்காத கருத்துக்களைச் சொல்லி ஏச்சும் அடியும் பெற்றோர் இருந்தனர். அவர்கள் சொன்னது யாது, அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பனவற்றை இங்கு நாம் நோக்குவோம்.

இவ்விரு இசைகளையும் வெறுங் கூச்சலென ஒதுக்கிவிடுவோர் உளர். கூச்சலுக்கும் ஒரு சமுதாயக் காரணம் உண்டென்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். இங்கிலாந்தின் தொழில் நகரமாகிய பேர்மிங்ஹாமில், தொழிலாளர் வாழும் அஸ்ரன் பகுதியைச் சேர்ந்த இளைஞர் நால்வர் 1968இல் ஒன்றுகூடினர். அவர்கள் அமைத்த குழுவே பின்னர் பிளக் சபத் எனப் பெயர்பெற்றது. அக்குழுவில் கிற்றார் வாசித்த ரொனி அயோமி, தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கையில், தமது பதினேழாவது வயதில், வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுவே. பிளாஸ்ரிக் போத்தலை உருக்கித் தாமே விரலுறை செய்து மாட்டிக்கொண்டு அவர் மீண்டும் வாசித்தார். பின்னர், விரல் வலிக்காதிருக்கத் தந்திகளின் இறுக்கத்தைத் தளர்த்தினார், சுருதி தாழ்ந்தது, ஒலி கனத்தது. ஹெவி மெற்றலின் கனம் தொழிற்சாலையிற் சிந்திய இரத்தத்தோடு தொடர்புடையது என்பது மிகைக் கூற்றன்று. 1970இல் அக்குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது விமரிசகர் பலர் எள்ளி நகையாடினர். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளோ அதனைத் தமதென ஏற்றுக்கொண்டனர்.

பங்க் இசையும் இவ்வாறே எழுந்தது. 1974இல் நியூயோர்க்கில் றமோன்ஸ் குழுவும், 1975இல் இலண்டனில் செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவும் தோன்றின. பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிய காலம் அது. பள்ளியை விட்டு வெளியேறிய இளைஞனுக்கு முன்னே வேலையில்லை. பின்னே பரம்பரைச் சொத்தும் இல்லை. 1977இல் அரசியின் வெள்ளிவிழாவை நாடு கொண்டாடியவேளை, செக்ஸ் பிஸ்ரல்ஸ் வெளியிட்ட எதிர்ப்புப் பாட்டை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. மறுத்தும் அது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டியது. பயிற்சி பெற்ற வித்துவானே மேடையேறலாம் என்ற நியதியைப் பங்க் உடைத்தது. சிறிதளவு வாசிக்கத் தெரிந்தவனும், சொல்வதற்கு ஏதேனும் உள்ளவனாயின், மேடைக்கு உரியவனானான்.

இங்ஙனம் உரிமை பெற்றோர் அவ்வுரிமையைக் காப்பதற்குச் சட்டங்களையும் இயற்றினர். எவ்வுடை அணிய வேண்டும், எவ்விசையைக் கேட்கலாகாது, யார் உண்மையான இரசிகர், யார் போலி என்பன பற்றியெல்லாம் எழுதாச் சட்டங்கள் தோன்றின. அச்சட்டங்களுக்கு எதிராக எழுந்த குரல்களுள் முதலாவதும் முதன்மையானதும் ஒரு சின்னத்தைப் பற்றியது.

1976இல் இலண்டன் பங்க் வட்டத்திற் சிலர் சுவஸ்திகச் சின்னத்தை அணிந்து திரிந்தனர். நம்மவர் மங்கலமாகக் கொள்ளும் சுவஸ்திகமன்று அது. ஹிற்லரின் படையினர் கையில் அணிந்த சுவஸ்திகம். பாடகி சூசி சூவும், பின்னாளிற் செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவிற் சேர்ந்த சிட் விஷியசும் அதனை அணிந்தோருட் குறிப்பிடத்தக்கவர். உலகப் போரின் நினைவிலே பெருமை தேடும் பெற்றோரை அதிரவைப்பதற்கே அணிகிறோம், இதில் அரசியல் இல்லை என்பதே அன்று அவ்வட்டத்தில் நிலவிய எண்ணம். அவ்வாறன்று, விளையாட்டுக்கு உரிய பொருளல்ல அது என்று சொன்னவன் சிரிக்கத் தெரியாதவனாகக் கருதப்பட்டான்.

ஆனால் வீதியில் நடந்தது விளையாட்டன்று. 1976 யூனில், இலண்டனின் சவுத்தோல் பகுதியில், குர்தீப் சிங் சக்கர் என்ற சீக்கிய மாணவர் வெள்ளை இளைஞராற் குத்திக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஓகஸ்ற் மாதம், புகழ்பெற்ற கிற்றார்க் கலைஞர் எரிக் கிளப்ரன், பேர்மிங்ஹாம் மேடையில் நின்று, குடியேறிகளுக்கு எதிரான ஈனொக் பவலின் அரசியலை ஆதரித்துப் பேசினார். கறுப்பு மக்களின் புளூஸ் இசையால் வளர்ந்தவர் அவர். யமேக்காவின் பொப் மார்லி இயற்றிய பாட்டொன்றைப் பாடி 1974இல் பெரும் வெற்றி கண்டவரும் அவரே. அவருடைய பேச்சைக் கண்டித்து றெட் சோண்டர்ஸ் என்ற புகைப்படக் கலைஞரும் தோழர்களும் இசைச் சஞ்சிகைகளுக்குக் கடிதம் எழுதினர். இனவாதத்துக்கு எதிரான றொக் என்னும் இயக்கம் அக்கடிதத்தினின்று பிறந்தது.

இவ்வியக்கத்தை எல்லா இரசிகரும் வரவேற்கவில்லை. இசை கேட்க வந்த எமக்கு அரசியற் பிரசாரம் எதற்கு என்ற முணுமுணுப்பு எழுந்தது. சில குழுக்களின் இரசிகருள்ளே தேசிய முன்னணி என்ற இனவாதக் கட்சியின் ஆதரவாளரும் இருந்தனர். ஷாம் 69 குழுவின் நிலை அதுவே. ஆயினும், அதன் பாடகர் ஜிமி பேர்சி, 1978 ஏப்ரல் 30ஆந் திகதி விக்ரோறியாப் பூங்காவில் நடைபெற்ற இனவாத எதிர்ப்பு விழாவிற் கிளாஷ் குழுவினரோடு மேடையேறினார். சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பொலி ஸ்ரைறீன் பாடிய எக்ஸ்-றே ஸ்பெக்ஸ் குழுவும், பேர்மிங்ஹாம் கறுப்பிளைஞரின் ஸ்ரீல் பல்ஸ் குழுவும் அவ்விழாவிற் பங்குகொண்டன. திரபல்கர் சதுக்கத்திலிருந்து பல்லாயிரவர் நடந்தே அங்கு சென்றனர். அடுத்த ஆண்டு இலண்டன் றெயின்போ அரங்கில் ஷாம் 69 குழுவின் நிகழ்ச்சியைத் தீவிர வலதுசாரி இளைஞர் புகுந்து குலைத்தனர். தன் இரசிகருக்கு எதிராக நின்ற கலைஞன் கொடுத்த விலை அது.

விழா முடிந்து நான்கு நாட்களில், மே 4ஆந் திகதி, வங்காள ஆடைத் தொழிலாளி அல்ராப் அலி கிழக்கிலண்டனிற் கொல்லப்பட்டார். ஓராண்டின் பின், சவுத்தோலில் தேசிய முன்னணியின் கூட்டத்துக்கு எதிராகத் திரண்டோருள் ஒருவரான பிளெயர் பீச் தலையில் அடிபட்டு இறந்தார். பொலிசார் ஒருவரின் அடியே அதற்குக் காரணமாயிருத்தல் கூடும் என்ற உள்ளறிக்கை 2010இலேதான் வெளியிடப்பட்டது. நியூசிலாந்தினின்று வந்து இலண்டனிற் கற்பித்துவந்த பள்ளி ஆசிரியர் அவர். ஆசிரியத் தொழில் செய்யும் நாம் அப்பெயரை எளிதிற் கடந்துபோதல் இயலாது. சின்னத்தை விளையாட்டாக அணியலாகாது என்ற கருத்து எத்துணை நியாயமானது என்பதை இம் மரணங்களை மனங்கொள்வோர் உணர்வர். 1981இல் கலிபோர்ணியாவின் டெட் கென்னடிஸ் குழு, தம் அரங்குகளுக்குள்ளே புகுந்த நாசிப் போக்கினரை வெளியேறச் சொல்லி ஒரு பாட்டையே வெளியிட்டது. இரசிகரை நோக்கி இரசிகரின் இசையாலேயே விடுக்கப்பட்ட கண்டனம் அது.

இரண்டாவது பிணக்கு பணத்தைப் பற்றியது. 1977 சனவரியிற் கிளாஷ் குழு சி.பி.எஸ். என்னும் பெருங் கம்பனியோடு ஒப்பந்தஞ் செய்தது. பங்க் அன்றே இறந்துவிட்டதென, இரசிகரின் கையேடாகிய ஸ்னிபின் குளூவை நடத்திய மார்க் பெரி சொன்னதாக இன்றும் எடுத்துரைப்பர். பதினாறாண்டுகளின் பின் அதே வழக்கு அமெரிக்காவில் மீண்டும் எழுந்தது. பேர்க்லி நகரத்துக் கில்மன் வீதி மண்டபம், பெருங் கம்பனிகளைச் சேர்ந்த குழுக்களுக்கு இடமில்லை என்ற விதியுடையதாக அன்று இருந்தது. அம் மண்டபத்தில் வளர்ந்த கிறீன் டே குழு 1993இல் பெருங் கம்பனியொன்றிற் சேர்ந்ததும் அதற்குக் கதவடைக்கப்பட்டது. ஒப்பந்தஞ் செய்தவரெல்லாம் துரோகிகளல்லர் என்று அன்று அவ்வட்டத்திற் சொல்வது எளிதன்று.

இங்கு நாம் அவசரப்பட்டு ஒரு பக்கஞ் சாய்தல் கூடாது. பெரும்பான்மையோரின் சினத்துக்கு வலுவான பொருளாதார நியாயம் இருந்தது. ஒலிப்பதிவாளர் ஸ்ரீவ் அல்பினி 1993இல் எழுதிய கட்டுரையொன்றில், ஓர் உதாரணக் குழுவைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டினார். அக்குழு இரண்டரை இலட்சம் டொலர் முற்பணம் பெறுகிறது. இரண்டரை இலட்சம் பிரதிகளும் விற்பனையாகின்றன. கம்பனிக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஏழு இலட்சத்துப் பத்தாயிரம் டொலர். ஒலிப்பதிவு, பயணம், தரகு ஆகிய செலவெல்லாங் கழிந்தபின் இசைத்தவர் ஒருவருக்கு எஞ்சுவது 4,031 டொலர். உழைப்பவன் கையில் உழைப்பின் பயன் தங்குவதில்லை என்பதை இதனினும் எளிதாக விளக்குதல் அரிது. ஆகவே, இரசிகர் அஞ்சியது இல்லாத பேயையன்று. ஆனால் அவர்களுடைய கோபம் சுரண்டும் கம்பனியை விட்டுச் சுரண்டப்படும் இசைஞனின் மீதே பாய்ந்தது. வயிற்றுக்காகத் தொழிற்சாலை வாயிலில் நிற்பவனைத் துரோகி என்பவர், தொழிற்சாலை எவனுடையது என்று கேட்பதில்லை. கிறீன் டே 2015இல் அதே கில்மன் மண்டபத்தில் மீண்டும் பாடியது. தீ விபத்தினால் இழப்புற்ற ஒரு கூட்டுப் பதிப்பகத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி அது.

மூன்றாவது பிணக்கு அரங்கின் உள்ளேயே நிகழ்ந்தது. குடியும் போதையும் கலகத்தின் அடையாளங்களாகக் கருதப்பட்ட ஒரு சூழலில், வாஷிங்ரன் நகரத்து மைனர் திறெற் குழு, 1981இல் வெளியிட்ட நாற்பத்தாறு வினாடிப் பாட்டொன்றில் அவற்றை மறுத்தது. மதுச்சாலையின் வருவாயிலே தங்கியிருந்த அரங்குகளில் அது விரும்பத்தக்க கருத்தன்று. அக்குழுவின் பாடகர் இயன் மக்காயி பின்னர் அமைத்த பியுகாசி குழு, ஐந்து டொலர் நுழைவுச்சீட்டுக்கே பாடிவந்தது, எவ்வயதினரையும் அனுமதித்தது, பெருங் கம்பனிகளையும் நாடவில்லை. ஆட்டமென்ற பெயரில் பிறரை இடித்து வீழ்த்துவோரைக் கண்டால் பாட்டை நிறுத்தி, ஐந்து டொலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பியது. வலியவனின் முழங்கையே சுதந்திரமாகக் கொள்ளப்பட்டவிடத்து, மெலியவருக்கு நிற்க இடமில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பிகினி கில் குழுவின் கத்லீன் ஹனா, 1990களின் தொடக்கத்தில், பெண்கள் முன்வரிசைக்கு வருக என்று மேடையிலிருந்து அழைத்தபோதும் எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. ஆண்களை ஒதுக்குகிறார்கள் என்று முறையிட்டவர்கள், அதுவரை பெண்கள் சுவரோரம் நின்றதைக் கவனியாதவர்களே.

எனினும், இங்கே ஒரு பாடம் உண்டு. மதுவை மறுத்த அதே கருத்தைக் கைக்கொண்டோருட் சிலர், 1990களிற் சோல்ற் லேக் சிற்றி முதலிய இடங்களிற் குடிப்போரையும் புகைப்போரையும் தாக்கினர். ஒருவர் தமக்கென வகுத்த நெறி, பத்தாண்டிற் பிறரை அடிக்கும் தடியாயிற்று.

பங்க் இரசிகரும் மெற்றல் இரசிகரும் ஒருவரையொருவர் பகைத்ததையும் சுருக்கமாகக் குறிப்பிடுதல் வேண்டும். இரண்டும் ஒரே சமுதாயத்தின் பிள்ளைகள் என்று சொன்னவர் இரு பக்கத்தாலும் ஏசப்பட்டனர். பேர்மிங்ஹாம் அருகே போர் எதிர்ப்புப் பங்க் குழுவாகத் தோன்றிய நேபாம் டெத், 1987இல் வெளியிட்ட முதற்றட்டிலே இரண்டையும் பிரிக்கவியலாதவாறு கலந்தது. 1998இல் மெற்றாலிகா குழு, ஸ்ரோக் நகரத்துப் பங்க் குழுவாகிய டிஸ்சார்ஜின் பாடல்கள் இரண்டைத் தானே பாடி வெளியிட்டது. வேலி எழுப்பியவர் இரசிகர். வேலியின் இருபுறத்திலும் மண் ஒன்றே.

இவற்றினின்று, சிறுபான்மைக் கருத்து எப்போதும் நியாயமானது என்ற முடிவுக்கு வந்துவிடலாமா? வரலாறு அதற்கு இடந்தரவில்லை. நோர்வே நாட்டிற் பிளக் மெற்றல் இரசிகர் சிலரும் இசைஞர் சிலரும், தம் சக இரசிகரையே கோழைகளெனத் தூற்றி, தீமையே உண்மையென்று பேசினர். அதுவும் பெரும்பான்மைக்கு மாறான கருத்தே. 1992 யூன் 6ஆந் திகதி பேர்கன் நகரருகே பன்ரொவ்ற் என்னுமிடத்துப் பழைய மரத்தேவாலயம் எரிந்தது; வேறு தேவாலயங்களும் எரிந்தன. அடுத்த ஆண்டு ஓர் இசைஞனை இன்னோர் இசைஞன் கொன்றான். தனித்து நிற்பதையே பெருமையாகக் கொண்ட கருத்து, மனிதரை மறந்தபோது சென்றடைந்த இடம் அது.

ஆகவே, ஒரு கருத்தை எத்தனை பேர் வெறுத்தனர் என்பது அதன் அளவுகோலாகாது. அது யாருக்காகப் பேசிற்று என்பதே அளவுகோல். சுவஸ்திகத்தைக் கழற்றச் சொன்னவர் சவுத்தோலின் சீக்கிய மாணவனுக்காகப் பேசினர். முழங்கையை மடக்கச் சொன்னவர் சுவரோரம் நின்ற பெண்ணுக்காகப் பேசினர். தேவாலயத்தை எரித்தவர் யாருக்காகவும் பேசவில்லை.

எந்தக் கலையியக்கத்திலும், எந்த முற்போக்கு இயக்கத்திலும், உள்ளிருந்து எழும் மாற்றுக் குரலைத் துரோகமென முத்திரை குத்துதல் எளிது. அதனைச் செவிமடுத்து, அதன் பின்னே நிற்பவர் யாரெனக் கேட்டறிதல் கடினம். விக்ரோறியாப் பூங்காவுக்கு நடந்துசென்ற பல்லாயிரவருட் பலர், ஈராண்டுகளுக்கு முன்னர் அச் சின்னத்தைக் கண்டு சிரித்திருக்கவுங்கூடும். அவர்கள் மாறினர், மாற்றியவர் சிலரே. அச்சிலரின் பேச்சுக்குச் செவிகொடுக்கும் பொறுமை நம்மிடம் உண்டா என்று நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வோமாக.