சேது வழியின் கடைசிக் காதம்

இராமேசுவர யாத்திரை இராமநாத சுவாமியின் சந்நிதியோடு முடிந்துவிடுவதன்று. தனுஷ்கோடியில் சேது ஸ்நானம் செய்து, ஆங்கெடுத்த மணலைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வித்த பின்னரே அது நிறைவெய்தும் என்பது ஆன்றோர் வழக்கு. ஆகவே, இராமேசுவரத்திலிருந்து தென்கிழக்காக மணல்முனையை நோக்கிச் செல்லும் வழி, தொலைவில் சிறிதாயினும், பாரத தேசம் முழுவதையும் அளக்கும் யாத்திரையின் ஓர் அங்கமாகும்.

பண்டு யாத்திரிகர் மணலிலே கால் புதைய நடந்து சென்றனர். சேதுகாவலர் என்று போற்றப்பெற்ற இராமநாதபுரம் சேதுபதிகள், சேது செல்லும் அடியார்க்கெனச் சத்திரங்கள் பல அமைத்தனர். இவ்வழியிலுள்ள முகுந்தராயர் சத்திரம் என்னும் சிற்றூரின் பெயரும் சத்திர தருமத்தையே நினைவூட்டுகின்றது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றதும் புகைவண்டி தனுஷ்கோடி வரை ஓடலாயிற்று. இலங்கை செல்வோர் ஆங்கிறங்கித் தலைமன்னாருக்குக் கப்பலேறினர். நடந்து சேது கண்டவர்தம் பேரர்கள் வண்டியிலமர்ந்தவாறே சேது கண்டனர்.

அந்த வாழ்வு ஐம்பதாண்டுகளே நிலைத்தது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த பெரும்புயலில் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை அணுகும் வேளையில் அலைவாய்ப்பட்டது. அதிலிருந்தோர் ஒருவரும் மீளவில்லை. நிலையம், தபால் நிலையம், மாதா கோயில், வீடுகள் யாவும் இடிபாடுகளாயின. விபீஷணன் சரண் புகுந்த தலமெனப் போற்றப்பெறும் கோதண்டராமர் கோயில் மட்டும் வழியிடையே நிலைத்து நின்றது. தனுஷ்கோடிக்கு மீண்டும் தண்டவாளம் இடப்பெறவில்லை.

1988-இல் பாம்பன் கடல்மீது சாலைப்பாலம் திறக்கப்பெற்றபின் மோட்டார் வண்டிகள் இராமேசுவரத்தீவை அடைந்தன. எனினும் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலும் சேறுமே. துணிந்தோர் நடந்தனர், ஏனையோர் குலுங்கும் ஜீப்புகளிலும் வேன்களிலும் நெருங்கியமர்ந்து சென்றனர். முதியோர் பலர் அக்கினி தீர்த்தத்தில் நீராடி, கிழக்கு நோக்கிக் கைகூப்பித் திரும்பினர். அவர்தம் யாத்திரை குறையுடையதென்று கூற எவர்க்கு நா எழும்? ஆயினும் அக்குறை அவர்தம் உள்ளத்தில் இருந்தது.

52 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், 2017 ஜூலையில் அவ்வூரிலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறக்கப்பெற்றது. ஒருபுறம் வங்கக்கடலாகிய மகோததி. மறுபுறம் மன்னார் வளைகுடாவாகிய இரத்னாகரம். அலை அரித்துவிடாதபடி கம்பிவலைக்குள் கற்களை அடுக்கிக் கரையைக் காத்துள்ளனர். சாலையோரத்தில் பழைய மாதா கோயிலின் சுவர்களும் புகைவண்டி நிலையத்தின் சிதைவுகளும் இன்றும் நிற்கின்றன. அவற்றின் அருகே மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. தை, ஆடி அமாவாசைகளில் முனைவரை வண்டியில் வந்திறங்கும் முதியோர், மக்களின் தோளைப் பற்றியவாறு கடலிலிறங்கி நீராடி, ஒரு பிடி மணலைத் துணியில் முடிந்துகொண்டு கரையேறுகின்றனர்.