பானையில் குடியேறிய சங்கீதம்

தேவாரம் முதுகுன்றம் என்று போற்றும் விருத்தாசலத்தை, பழமலைநாதர் சந்நிதிக்காகவும் மணிமுத்தாற்றுக்காகவும் யாத்திரிகர்கள் அறிவார்கள். கைத்தொழிலில் நாட்டமுடையவர்களோ, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடந்த வெள்ளைக் களிமண் அவ்வூர்ச் சூளைகளில் வெந்து, மின்கம்பத்துப் பீங்கானாகவும் ஃபியூஸ் கட்டையாகவும் கொலுப் பொம்மையாகவும் உருவெடுத்த விருத்தாந்தத்துக்காக அறிவார்கள். மண்ணையும் நெருப்பையும் நம்பி வாழும் அப்பட்டணத்தை நினைக்குந்தோறும், அதே மண் நம் இல்லங்களில் சங்கீதத்துக்குப் புரிந்த ஓர் உபகாரம் எழுதப்படாமலே மறைந்து வருவதை எண்ணி என் மனம் விசனப்படுகிறது. ஸ்பீக்கருக்குப் பானை இருப்பிடமான சரித்திரத்தையே சொல்லுகிறேன்.

1939 மே 16-ஆம் தேதி திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்தில், வசதியுள்ள வீடுகளில்கூட வால்வு ரேடியோவுக்கு உரிய ஸ்தானம் குழந்தைகளின் கைக்கு எட்டாத சுவர்ப்பலகையாகவே இருந்தது. ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தால் செவிக்கு இதம் என்ற விசாரம் அன்று எழவில்லை. டேப் ரெக்கார்டர் பரவி, 1978-இல் வெளியான ‘பிரியா’ படத்தின் பாடல்களைப் போல ஸ்டீரியோ முறையில் பதிவான பாட்டுகள் வரத் தொடங்கிய பிறகுதான், ஒன்றுக்கு இரண்டாக ஸ்பீக்கர் வேண்டுமென்ற ஆசை சாமானிய ஜனங்களுக்கும் உண்டாயிற்று. மரப்பெட்டியோ விலை கூடியது. ஆகவே ஸ்பீக்கரை மட்டும் வாங்கி, அதன் காந்தம் உள்ளே தொங்கவும் காகிதக் கூம்பு மேல்நோக்கவும் மண்பானையின் வாயில் பொருத்தி, பானையை ஆடாமல் இருத்திவைத்தார்கள். வீட்டுக் கூடத்திலும் டீக்கடையிலும் சலூனிலும் எண்பதுகளில் இந்தக் காட்சி சாதாரணம்.

இதை ஏழைமையின் தந்திரம் என்று மட்டும் கருதுவது பிழை. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்று இழுபடுகிறது. முன்னலையும் பின்னலையும் எதிரெதிராகச் சந்தித்தால், நீண்ட அலைகளை உடைய மிருதங்கத்தின் தொப்பியும் கிதாரின் கனத்த தந்தியும் முதலில் அழிந்துபோகும். பானை அந்தப் பின்னலையைத் தன் வயிற்றில் சிறைப்படுத்திவிடுகிறது. மெல்லிய பலகைப் பெட்டி தானும் சேர்ந்து அதிர்ந்து பாட்டைக் கெடுக்கும். நன்றாக வெந்த மண்சுவர் அவ்வளவு எளிதில் அதிராது. பெட்டியின் கூர்முனைகளில் பட்டு ஒலி சிதறும் தோஷமும் உருண்டை வடிவத்துக்குக் குறைவு: 1951-இல் ஹாரி ஓல்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் பலவகைக் கூடுகளை அளந்து பார்த்து, கோளமே ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்த ஒலியைத் தருகிறது என்று கண்டார். பானைக்கும் ஒரு குறை உண்டு. குறிப்பிட்ட ஒரு சுருதியில் அது தானே முழங்கும். பழந்துணியோ பஞ்சோ திணித்தால் அம்முழக்கம் தணியும்.

மானாமதுரைக் குயவர் வனைந்த கடத்தைக் கச்சேரி மேடையில் மதித்து வைத்த தேசத்துக்கு, மண்ணின் நாதம் புதியதன்று. ரோமாபுரிச் சிற்பியான விட்ருவியஸ், கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டிலேயே, நாடகசாலைகளில் குரல் தெளிவதற்காக வெண்கலக் கலங்களை வைக்கச் சொல்லி, பொருள்வசதியில்லாத ஊர்களில் மண்சாடிகளும் அப்பயனைத் தந்ததாக எழுதியிருக்கிறார்.

இனி, வைக்கும் இடம். 1931-இல் ஆலன் பிளம்லைன் இங்கிலாந்தில் ஸ்டீரியோவுக்கு உரிமை கோரி விண்ணப்பித்த பின் வளர்ந்த சாஸ்திரம், இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவனுடைய தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டுமென்று விதிக்கிறது. அந்த விதி சத்தியமே. ஆனால் ஒருவன் தனித்து, அசையாமல் அமர்ந்து கேட்பதை அது முன்னிட்டது. நம் வீட்டிலோ அடுப்படியில் ஒருவர், திண்ணையில் ஒருவர், முற்றத்தில் ஒருவர் என்று குடும்பமே நடமாடிக்கொண்டு கேட்டது. மேல்நோக்கிய பானை கூரையில் ஒலியை மோதச் செய்து எல்லோருக்கும் ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்தளித்தது. பாடகர் இடப்புறம், வயலின் வலப்புறம் என்னும் நுட்பம் அதில் மங்கியது உண்மை. மூலையில் வைத்த பானை இரண்டு சுவர்களின் துணையாலும் தரையின் துணையாலும் கனத்த ஒலியை மேலும் பெருக்கிற்று. அளவு மிஞ்சினால் மூலையைவிட்டுச் சற்று நகர்த்துவதே பரிகாரம்.

அந்த ஸ்பீக்கரின் பின்னே இருந்த கரிய காந்தமும் பெரும்பாலும் பீங்கான் ஜாதியைச் சேர்ந்ததே. இரும்புத் துருவோடு பேரியமோ ஸ்ட்ரான்ஷியமோ கலந்த பொடியை அழுத்திச் சூளையில் வேகவைத்துச் செய்யும் இக்காந்தத்தை, ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் ஆய்வுக்கூடம் 1952-இல் உலகுக்கு அறிவித்தது. குயவர் சுட்ட கலமும் ஆலை சுட்ட காந்தமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இது: ஊர்ப்புறங்களில் எஞ்சியிருக்கும் பழைய பானை ஸ்பீக்கர்களைத் தேடிச் சென்று, வாயின் அகலம், சுவரின் கனம், வெந்த பதம் ஆகியவற்றை அளந்து, அவற்றை உபயோகித்த முதியவர்களின் வாய்மொழியோடு சேர்த்து எழுதி வையுங்கள்.