ஜீவனாம்சத்துக்குக் கணக்குக் கேட்கலாமா?

சின்னாளப்பட்டியைச் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்திருந்தார். நூற்பாலை ஒன்றில் மேற்பார்வையாளர். மணவிலக்குப் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முன்னாள் மனைவிக்கும் மகளுக்குமாக மாதம் 8,000 ரூபாய் ஜீவனாம்சம் செலுத்தி வருகிறார். ஒரு மாதமும் தவறியதில்லை. அவருடைய மனக்குறை வேறு. "அந்தப் பணத்தில் அவள் சீட்டுக் கட்டுகிறாளாம், சார். சாப்பாட்டுக்கென்று கோர்ட்டு போட்ட பணம்தானே? கணக்குக் கேட்க எனக்கு உரிமை இல்லையா?" என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் நான். ஆயினும், அந்த நொடியில் அவர் கேட்பதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது, தலையையும் ஆட்டிவிட்டேன். அவர் விடைபெற்றுச் சென்ற பிறகு சட்டநூல்களைப் புரட்டியபோதுதான் என் தலையாட்டல் தவறு என்று தெரிந்தது.

ஜீவனாம்சம் என்ற சொல்லையே முதலில் பார்க்கலாம். ஜீவனத்துக்கான அம்சம், அதாவது பிழைப்புக்கான பங்கு. நம் மாவட்டத்து வத்தலக்குண்டைச் சொந்த ஊராகக் கொண்ட சி.சு. செல்லப்பா இதே பெயரில் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். இளம் விதவை ஒருத்திக்காகப் புகுந்த வீட்டார்மீது தொடுக்கப்படும் வழக்கே அதன் களம். பங்கு என்று சொல்லிவிட்ட பிறகு, அதைப் பெற்றவர் எப்படிச் செலவிடுகிறார் என்று கொடுத்தவர் விசாரிப்பதற்கு இடம் எங்கே?

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு நிரந்தர ஜீவனாம்சம் பற்றியது. (கணவனும் இதைக் கோரலாம் என்பது பலர் அறியாதது.) ஒருமுறை நிர்ணயித்த தொகையை எப்போது மாற்றலாம் அல்லது நிறுத்தலாம் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது: இரு தரப்பில் ஒருவரின் சூழ்நிலை மாறினால், பெறுபவர் மறுமணம் செய்துகொண்டால், அல்லது ஒழுக்கம் தவறியதாக மெய்ப்பிக்கப்பட்டால். பணத்தை இன்ன வழியில் செலவிட்டார் என்பது இந்தக் காரணங்களில் இல்லை. மதம் பாராமல் அனைவருக்கும் பொருந்திய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவிலும் அது கிடையாது.

கணக்கு கேட்கப்படுவது பணம் நிர்ணயிக்கப்படும் முன்னர்தான். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இரு தரப்பினரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும். வாடகை இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று மனைவி அதில் எழுதுவது தேவையை அளப்பதற்கான மதிப்பீடு. அரசின் வரவு செலவுத் திட்டத்தைப்போலத் தலைப்பு வாரியாகச் செலவிட்டே ஆகவேண்டும் என்ற கட்டு அதற்கு இல்லை.

சட்டம் விதிக்கும் சில தடைகளும் பெறுபவரைக் காப்பதற்கே. எதிர்காலத்தில் வரவேண்டிய ஜீவனாம்சத்துக்கான உரிமையை அவர் பிறருக்கு எழுதிக்கொடுக்க முடியாது என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். அவர் பட்ட கடனுக்காக அந்த உரிமையை ஜப்தி செய்யவும் முடியாது என்கிறது 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம். கைக்கு வந்துசேர்ந்த பணம் அவருடையது.

பணத்துக்குப் பதில் நிலமோ வீடோ கொடுத்தால்? துளசம்மா எதிர் சேஷ ரெட்டி வழக்கு ஆந்திரத்தில் பிறந்தது. விதவையான துளசம்மாவுக்கு ஜீவனாம்சத்துக்காக ஒரு சமரசத்தின் மூலம் சொத்து தரப்பட்டது. ஆயுள் காலம் அனுபவிக்கலாம், விற்கக்கூடாது என்பது நிபந்தனை. அவர் பின்னர் அதில் ஒரு பகுதியை விற்றார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(1) பிரிவின்படி அச்சொத்து அவருக்கு முழு உரிமையாகிவிட்டது என்று 1977-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது மணவிலக்கு வழக்கு அன்று. ஆனால், ஜீவனாம்சத்தின் தன்மையை இதைவிடத் தெளிவாக உரைத்த தீர்ப்பை நான் காணவில்லை.

இனி சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சேமித்தால் அது தேவைக்கு மிஞ்சிய பணம் என்பது என் மாணவரின் வாதம். மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்கேடுகளைப் பார்க்க மாணவர்களுடன் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சென்ற நாட்களில் நான் கண்டது வேறு. அன்றாடக் கூலிக் குடும்பத்துப் பெண்கூடச் சேமிப்பை ஒரு செலவாகவே கருதி முதலில் எடுத்து வைக்கிறார். மருத்துவமனைக்கும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கும் அதுதான் துணை. தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வழங்குகிறது. எவரிடமும் ரசீது கேட்பதில்லை. அரசு கேட்காததை முன்னாள் கணவர் கேட்பானேன்?

தவிரவும், ஜீவனாம்சம் பெரும்பாலும் விலைவாசியோடு உயர்வதில்லை. 125-ஆவது பிரிவின்கீழ் மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001-இல்தான் நீக்கப்பட்டது. அண்மையில் 2025 மே மாதம், ராக்கி சாதுகான் வழக்கில் மாதம் 50,000 ரூபாய் வழங்கி, ஈராண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வும் தர உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால், அது ஆண்டுக்கு 2.5 விழுக்காடு அளவே. ரிசர்வ் வங்கியுடன் கலந்து மத்திய அரசு வகுத்த பணவீக்க இலக்கோ 4 விழுக்காடு. பணவீக்கம் 6 விழுக்காடாக இருந்தால் உயர்வே இல்லாத 8,000 ரூபாயின் வாங்கும் சக்தி 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். அந்தப் பெண் சீட்டுக் கட்டுவதில் வியப்பென்ன?

மொத்தத் தொகையாகப் பெறுபவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்தவேண்டும். உறவினர் தொழிலுக்கென்று கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற வழியின்றித் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் 9 லட்சம் ரூபாய் வரை இடலாம், 7.4 விழுக்காடு வட்டி எனக் கொண்டால் மாதம் 5,550 ரூபாய் வரும். மொத்தத் தொகை மூலதன வரவு, மாதத் தொகை வருமானம் என்று வருமான வரி வழக்கொன்றில் பம்பாய் உயர்நீதிமன்றம் 1983-இல் வேறுபடுத்தியதையும் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குழந்தைக்கான பங்கு மட்டும் சற்று வேறானது. தாய் அதைக் குழந்தைக்காகப் பெறுகிறார். அமெரிக்காவின் சில மாநிலங்களில் இத்தொகைக்கு மட்டும் நீதிமன்றம் வழியே கணக்குக் கேட்கலாம். இங்கே, குழந்தை உண்மையிலேயே கவனிக்கப்படாவிட்டால் தந்தை நீதிமன்றத்தை அணுகலாம்; பள்ளிக் கட்டணத்தை நேரடியாகச் செலுத்த அனுமதியும் கோரலாம். தானாகவே தொகையைக் குறைக்க மட்டும் கூடாது. நிலுவைக்கு ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்க 144-ஆவது பிரிவில் இடமுண்டு. பெறுபவரும் அந்த நிலுவையை ஓராண்டுக்குள் கோரிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் தொலைபேசியில் மாணவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மகள் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், அந்தக் கட்டணத்தைத் தாமே பள்ளியில் கட்ட என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். 8,000 ரூபாயில் கழிக்காமல் தனியாகக் கட்டுவதாக இருந்தால் நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய தேவையே இல்லை என்றேன்.