கால்வெஸ்டன்: சுவருக்குப் பின்பக்கம் வந்த தண்ணீர்

இந்த எபிசோடில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போறோம். அங்கே கால்வெஸ்டன் கவுண்டி. கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அதன் முக்கிய நகரமான கால்வெஸ்டன் ஒரு மணல் தீவுல இருக்கு. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் விரிகுடா. இந்த ரெண்டு பக்கத்தையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

1886-ல் இதே கடற்கரையில் இருந்த இண்டியனோலா என்ற துறைமுகத்தை, 11 வருஷத்துல ரெண்டாவது முறையா புயல் அழிச்சது. மக்கள் ஊரையே கைவிட்டுட்டாங்க. கால்வெஸ்டன்காரங்க பயந்துபோய்த் தடுப்புச்சுவர் பற்றிப் பேசினாங்க. ஆனா கட்டலை. 1891-ல் உள்ளூர் வானிலை அதிகாரி ஐசக் கிளைன், புயலால் இந்த நகரத்துக்குப் பெரிய ஆபத்து வரும்னு நினைக்கிறதே அபத்தம்னு பத்திரிகையில எழுதினார்.

1900 செப்டம்பர். புயல் டெக்சாஸ் பக்கம் போகுதுன்னு கியூபாவின் வானிலை வல்லுநர்கள் கணிச்சாங்க. அமெரிக்க வானிலைத் துறையோ, அது ஃபுளோரிடா வழியா வடக்கே திரும்பும்னு நம்புச்சு. கியூபாக்காரங்க தந்தியில் புயல் எச்சரிக்கை அனுப்பவே அப்போ தடை இருந்தது!

செப்டம்பர் 8. நகரத்தின் மிக உயரமான இடமே 9 அடிக்குக் கீழே; கடல் 15 அடிக்கு மேல ஏறிடுச்சு. புனித மரியாள் அநாதை இல்லத்தில் கன்னியாஸ்திரிகள் துணி காயப்போடும் கயிற்றால் குழந்தைகளைத் தங்களோடு சேர்த்துக் கட்டிக்கிட்டாங்க. 10 கன்னியாஸ்திரிகளும் 90 குழந்தைகளும் இறந்தாங்க. மூணு பையன்கள் மட்டும் பிழைச்சாங்க. கிளைனின் கர்ப்பிணி மனைவியும் அந்த வெள்ளத்துல போயிட்டாங்க. மொத்தம் குறைந்தது 6,000 பேர். பொதுவா சொல்லப்படும் எண்ணிக்கை 8,000. அமெரிக்காவில் இத்தனை உயிர்களைப் பறிச்ச இயற்கைப் பேரிடர் இன்றுவரை வேற இல்லை.

அதுக்கப்புறம்தான் சுவர் வந்தது. 17 அடி உயரம், 1904-ல் முதல் பகுதி முடிஞ்சது. அதோட நிறுத்தலை. 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வெச்சுத் தூக்கி, அடியில கடல் மணலை நிரப்பி, நகரத்தையே உயர்த்தினாங்க. 1915-ல் இன்னொரு பெரிய புயல் வந்தப்போ, நகரம் தப்பிச்சது.

2008-ல் ஐக் புயல். கடல் பக்கம் சுவர் நின்னது. ஆனா தண்ணி பின்பக்க விரிகுடா வழியா ஊருக்குள்ள வந்துடுச்சு. சுவரே இல்லாத பக்கத்துப் பொலிவார் தீபகற்பத்தில் வீடுகள் வரிசை வரிசையா துடைச்செறியப்பட்டன.

எனக்கு இந்த வரலாறு சொல்றது இதுதான்: கால்வெஸ்டன் சுவர் கட்டினது, ஏற்கெனவே வந்துபோன புயலுக்கு. அடுத்த புயல் அதே வழியில வரணும்னு கட்டாயம் இல்லையே?