கொழுக்கட்டைப் புல்லும் கருமருந்தும்

நாரணாபுரத்தில் புல் விதைக்கப் போகிறேன் என்று சொன்னதும் பெரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "ஏய்யா, நாங்க முப்பது வருசமா புல்ல வெட்டிக் கூலி வாங்குனோம். நீ காசு குடுத்து வாங்கி விதைக்கப் போறியாக்கும்?"

அவர் சொன்னதில் மிகை கிடையாது. பட்டாசு ஆலையில் பெரியம்மாவுக்குத் திரி வேலை. ஆனால் மழை ஓய்ந்த மாதங்களில் செட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றால் முதலில் அதைத்தான் செதுக்கச் சொல்வார்கள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் விடுகிற இடைவெளி சும்மா கிடக்கிற இடம் இல்லை. ஒன்றில் பிடித்த தீ மற்றொன்றுக்குத் தாவாமல் இருக்கத்தான் அந்த வெளி. அதில் காய்ந்த புல் நின்றால் திரி கட்டிவிட்ட மாதிரி. வெடிபொருள் இருக்கும் கட்டடத்தைச் சுற்றிக் காய்ந்த புல்லும் புதரும் இருக்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. 1884-ல் வெள்ளைக்காரன் போட்ட வெடிபொருள் சட்டத்தின் கீழ்தான் இன்றைய 2008 விதிகளும் வருகின்றன.

எனக்கு இருப்பது அரை ஏக்கர் புஞ்சை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. பல வருடமாகச் சீமைக் கருவேலம் அடைந்து கிடந்ததைப் போன கோடையில்தான் வேரோடு எடுத்தேன். (அந்த மரமும் விதையாக வந்ததுதான். 1877-ல் ஜமைக்காவிலிருந்து தருவித்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பக்கம் நட்டார்கள். விறகுப் பஞ்சம் தீர்க்க வந்தது, விவசாயத்தைத் தீர்த்துவிட்டது.) வீட்டில் ஆடுகள் உண்டு. அதனால் கொழுக்கட்டைப் புல் போடலாம் என்று தோன்றியது.

புல் விதைப்பது என்றாலே இன்று நமக்குப் பங்களா முன்னால் இருக்கும் புல்தரைதான் ஞாபகம் வரும். அது இங்கிலாந்தில் பணக்காரர்கள் வீட்டுச் சமாச்சாரம். அரிவாளோடு ஆள் வைத்து வெட்ட வசதி இருந்தவனுக்கு மட்டும் கிடைத்தது. 1830-ல் எட்வின் படிங் என்பவர் புல் வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் சாமானியர் வாசலுக்கு வந்தது. குளிர்நாடுகளில் இன்றும் இலையுதிர் காலத்தில்தான் விதைப்பார்கள். கோடைச் சூடு மண்ணில் மிச்சம் இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், களைகளும் ஓய்ந்திருக்கும். இங்கே வந்த துரைமார்களுக்கு அந்த ஊர்ப் புல் சமவெளியில் பிழைக்கவில்லை. நம் அருகம்புல்லைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அதற்குக் கூட விதை வேண்டாம். தண்டை நறுக்கி, சாணியும் மண்ணும் கலந்து, தரையில் மெழுகினாலே போதும்; பிள்ளையாருக்கு வைக்கிற புல், டென்னிஸ் ஆடுகிற தரையாகிவிடும்.

விதை போட்டு வளர்த்த புல் நம்மிடம் இல்லாமலா? அதற்குக் கொங்கு நாட்டுக்குப் போக வேண்டும். காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கம் கொறங்காடு என்று ஒன்று உண்டு. நாலைந்து ஏக்கரைச் சுற்றிக் கிளுவை முள்வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். மேய்ப்பவன் துணை இல்லாமல் மாடு தன்பாட்டில் மேயும். காங்கேயம் காளையைப் பற்றிப் பேசுகிற நாம், அதை வளர்த்த புல்லைப் பற்றி வாயே திறப்பதில்லை. மழை குறைந்த ஊரில் நெல்லும் வாழையும் போட முடியாது என்று தெரிந்த குடியானவன், புல்லையே பயிராக எண்ணி, வேலி கட்டிக் காத்த ஏற்பாடு அது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 என்கிற நீலக் கொழுக்கட்டையும் இந்தச் சொந்தத்தில் வந்ததுதான்.

விதை கையில் வந்தபோது பஞ்சுப் பொதி மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் சுற்றிப் பூனைமயிர் போல நாரு. காற்றில் பறக்கும், ஒன்றோடொன்று ஒட்டும், கையால் வீசினால் நாலு இடத்தில் குவியும். மணலோடு பிசைந்துதான் தூவ வேண்டும். ஆழமாய்ப் புதைத்தால் முளைக்காது, மண் லேசாக மூடினால் போதும். அறுத்த உடனே விதைத்தாலும் முளைப்பு குறைவு. பல மாதம் உறங்கிவிட்டுத்தான் எழும். மழை இல்லாத நேரத்தில் முளைத்துச் செத்துப்போகாமல் இருக்க அது கற்றுக்கொண்ட தந்திரம் என்று நினைக்கிறேன். ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை என்பது கணக்கு. என் நிலத்துக்கு ஒன்றரைக் கிலோ தாராளம். எங்கள் பக்கம் ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் பெய்துவிடும். அதனால் ஐப்பசியை விட்டால் அடுத்த ஐப்பசிதான்.

இந்தப் புல்லைப் பற்றிப் படிக்கப்போய்த்தான் தூக்கம் கெட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை இயல்பாக வளர்கிற இதை, 1930-40களில் அமெரிக்காவின் மண்வளப் பாதுகாப்புத் துறையினர் மேய்ச்சலுக்காகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் கொண்டுபோனார்கள். டெக்சஸில் பலன் கொடுத்தது. அங்கிருந்து அரிசோனாவின் சொனோரா பாலைவனத்துக்குள் பரவியது. அது செடிக்குச் செடி வெறுந்தரை விட்டு வாழ்கிற பாலைவனம். நெருப்பு பிடித்தாலும் ஓட வழி இருக்காது. கொழுக்கட்டைப் புல் அந்த இடைவெளியை எல்லாம் நிரப்பிவிட்டது. காய்ந்தால் கொழுந்துவிட்டு எரியும், எரிந்த தூரிலிருந்தே மறுபடி தழைக்கும். ஆனால் நூறு, நூற்றைம்பது வருடம் நிற்கிற சகுவாரோ கள்ளி அந்தத் தீயில் செத்தால் செத்ததுதான். 2005-ல் அரிசோனா அதைக் கேடு செய்யும் களை என்று அறிவித்தது. டூசான் நகரத்துத் தொண்டர்கள் மலைச்சரிவில் ஏறிக் கையால் பிடுங்குகிறார்கள்.

இடைவெளியை நிரப்புகிற புல். படித்ததும் எனக்குப் பெரியம்மாவின் மண்வெட்டிதான் கண்ணில் வந்தது.

இந்த ஊருக்குத் தீ வந்ததே மழை இல்லாததால்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு 1923 வாக்கில் சிவகாசிக்குத் திரும்பினார்கள். குச்சி காய, மருந்து காய, அப்புறம் வந்த பட்டாசு காய இந்த வெயில் தோதாக இருந்தது. வானம் பார்த்த பூமியில் வேலை இல்லாமல் நின்ற கைகளும் கிடைத்தன. புல்லுக்கு ஆகாத வெயிலைத் தொழிலுக்கு ஆக்கிக்கொண்ட சாமர்த்தியம் அது. அதற்குக் கொடுத்த விலையை இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் என்ன ஆனது என்று கேட்டால், இன்றைக்கும் பேச்சு பாதியில் நின்றுவிடும். காப்பாற்றவும் பார்க்கவும் ஓடின பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் செத்தார்கள்.

அரிசோனா கதையைப் பெரியம்மாவிடம் சொன்னேன். கள்ளிச்செடி போட்டோவைக் காட்டியதும், "இம்புட்டு ஒசரமா?" என்று கேட்டார். பிறகு பேச்சு புல்லுக்கு வந்தது.

"போட வேணாம்னு சொல்லட்டுமா பெரியம்மா?"

"ஆடு என்னத்தத் திங்கும்? போடு. ஆனா வேலியோரம் போடாத. பொங்கலுக்கு முன்னாடி ஒரு அறுப்பு, பங்குனிக்குள்ள இன்னொரு அறுப்பு. அறுத்தத வீட்டுக்குக் கொண்டாந்துரணும், காட்டுல போர் போட்டு வச்சேனா நானே வந்து உன்னயத் திட்டுவேன்."

தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடந்த வாரத்தில், முதல் உழவு மழை பெய்த மறுநாள் இருவரும் காட்டுக்குப் போனோம். நான் டேப் எடுத்துப் போயிருந்தேன். பெரியம்மா அதை வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வேலியிலிருந்து அடி எடுத்து வைத்து எண்ணினார். முப்பது அடி போனதும் நின்று, குதிகாலால் ஈர மண்ணில் ஒரு கோடு கிழித்தார். கொஞ்சம் யோசித்து இன்னும் பத்து அடி நடந்து, முதல் கோட்டைக் காலாலேயே அழித்துவிட்டு அங்கே மறுபடி கிழித்தார்.

"இதுக்கு அங்கிட்டு உன் புல்லு. இங்கிட்டு வருசா வருசம் உழுது வெறுந்தரையா போட்டுரு."

மணலில் பிசைந்த விதையை அந்தக் கோட்டுக்கு அப்பாலிருந்து தூவத் தொடங்கினேன்.