உத்தியோகமும் மணமான பெண்ணும்

திருவனந்தபுரத்துக் கரமனை அக்கிரகாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் திருவிதாங்கூர் அரசு உத்தியோகமே வாழ்வாதாரமாக இருந்தது. அது ஆண்களுக்கே உரியது என்ற எண்ணம் நகர் முழுதும் நிலவியது. 1920களின் இறுதியில் அறிஞர் டி. கே. வேலுப்பிள்ளை, மணமான பெண்களுக்கு அரசுப் பணி தரக்கூடாதென்று இந்நகரில் பேசினார். இளம் சட்டப் பட்டதாரி அன்னா சாண்டி மேடையேறி, நீதிமன்றத்தில் வாதாடுவது போலவே வேலுப்பிள்ளையின் வாதங்களை ஒவ்வொன்றாக மறுத்தார். துணிச்சலை விட அவர் தர்க்கமே போற்றத்தக்கது. 1937இல் திவான் சி. பி. ராமசாமி ஐயர் அவரை முன்சீப் ஆக்கினார். 1959இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

ஆனால் தடை நீங்கவில்லை. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த சி. பி. முத்தம்மா, மணந்தால் விலகுவதாக எழுதித்தர வேண்டியிருந்தது. அவர் தொடுத்த வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இத்தகைய விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்புவோருக்கோ 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன்கள் சட்டம் முன்பே பாதுகாப்பளித்தது. அதன் 2017 திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக்கி, 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது.